திட்டுகிற டாக்டரை மாற்றலாமா? முதலில் சிறுநீரைச் சோதியுங்கள்

தென் மாவட்டத்துச் சிறு நகரம் ஒன்றிலிருந்து 31 வயதுப் பெண் ஒருவர் ஆறு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அச்சகம் ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை. கல்யாணமாகி நான்கு வருடம், குழந்தை இல்லை. மூட்டு வலி, முடி கொட்டுவது, வெயிலில் போனால் கன்னம் சிவந்து எரிவது, எழுந்திருக்கவே முடியாத அசதி என்று பல டாக்டர்களிடம் அலைந்து, கடைசியில் போன வருடம்தான் லூபஸ் (உடம்பின் எதிர்ப்பு சக்தி உடம்பையே தாக்கும் நோய்) என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். பக்கத்துப் பெரிய ஊரில் ஒரு ருமட்டாலஜிஸ்டிடம் (மூட்டு, எதிர்ப்பு சக்தி நோய்களுக்கான நிபுணர்) 14 மாதமாகப் பார்க்கிறார். மூன்று மணி நேரம் காத்திருந்தால் மூன்று நிமிடம் பேசுவாராம். அசதியைப் பற்றிச் சொன்னால் "டென்ஷனைக் குறைங்க, எல்லாம் மனசுலதான் இருக்கு" என்பாராம். ஒரு தடவை சந்தேகம் கேட்டதற்கு "நீங்க டாக்டரா, நான் டாக்டரா" என்று எரிந்து விழுந்திருக்கிறார். ஸ்டீராய்டு மாத்திரையால் முகம் உப்பிப்போய் அலுவலகத்தில் ஆளாளுக்குக் கேட்க, இவராகவே பத்து நாள் நிறுத்திவிட்டு, உறவினர் வாங்கித் தந்த ஒரு பொடியைச் சாப்பிட்டு, பிறகு பயந்துபோய் மறுபடி மாத்திரையை ஆரம்பித்திருக்கிறார். இது டாக்டருக்குத் தெரியாது. கடிதத்தோடு மருந்துச் சீட்டுகளையும் ரிப்போர்ட்டுகளையும் சம்பளச் சீட்டையும் நகலெடுத்து அனுப்பியிருக்கிறார். கேட்பது இதுதான்: இந்த டாக்டரை விட்டுவிட்டு அன்பாகப் பேசுகிற ஒருவரைத் தேடலாமா? அவர் கோபித்துக்கொள்ள மாட்டாரா? சென்னைக்கே போக வேண்டுமா? வேலை செய்யும் இடத்தில் சொல்லலாமா? குழந்தை பெற்றுக்கொள்ளவே முடியாதா?

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேட்ட வரிசையில் பதில் சொல்லப் போவதில்லை. கேட்காத ஒன்றுதான் முதலில் வர வேண்டும், அதனால் மற்றவை கொஞ்சம் காத்திருக்கட்டும்.

நீங்கள் அனுப்பிய ரிப்போர்ட்டுகளை இரண்டு தடவை புரட்டிப் பார்த்துவிட்டேன். ரத்த அணுக்கள், உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் இஎஸ்ஆர், ஈரல் சோதனை எல்லாம் இருக்கின்றன. 14 மாதத்தில் ஒரே ஒரு சிறுநீர்ச் சோதனைகூட இல்லை. எடுத்து வேறெங்காவது வைத்திருந்தால் நல்லது. எடுக்கவே இல்லையென்றால் நாளைக் காலையிலேயே உங்கள் ஊர் லேபில் கொடுத்துவிடுங்கள். சாதாரண சிறுநீர்ச் சோதனையோடு, சிறுநீரில் புரதம்–கிரியாட்டினின் விகிதம் என்று ஒன்று உண்டு, அதையும் கேளுங்கள். ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றும் கழிவு) அளவும், ரத்த அழுத்தமும் பார்த்துவிடுங்கள். தனியாரில் சில நூறு ரூபாய் ஆகும், அரசு மருத்துவமனையில் இலவசம்.

ஏன் இவ்வளவு அவசரப்படுத்துகிறேன் என்றால், லூபஸ் உள்ளவர்களில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதிப்பேர் வரை ஏதோ ஒரு கட்டத்தில் சிறுநீரகம் பாதிக்கப்படுகிறது, அதுவும் பெரும்பாலும் நோய் தெரிந்த முதல் ஐந்து வருடத்துக்குள். ஆரம்பத்தில் வலி இருக்காது, எரிச்சல் இருக்காது, சிறுநீர் போவதிலும் ஒரு வித்தியாசமும் தெரியாது. கால் வீங்கி, சிறுநீர் நுரைத்துப் போகும் அளவுக்கு வந்தபின் கண்டுபிடிப்பதற்கும், சோதனையில் புரதம் லேசாகத் தெரியும்போதே கண்டுபிடிப்பதற்கும் உள்ள தூரம் ரொம்பப் பெரியது. முதலிலேயே பிடித்தால் சிறுநீரகத்தைக் காப்பாற்ற நல்ல மருந்துகள் இருக்கின்றன. அதனால்தான் லூபஸ்காரர்களுக்கு ஒவ்வொரு தடவையும் சிறுநீர் பார்ப்பது வழக்கம். நோய் அடங்கியிருந்தாலும் சில மாதங்களுக்கு ஒரு தடவையாவது பார்த்தாக வேண்டும்.

இப்போது உங்கள் டாக்டர் விஷயத்துக்கு வருகிறேன். அவர் எரிந்து விழுவது தப்புதான், அதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். ஆனால் அவர் எழுதிய மருந்துகளைப் பார்த்தால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: சீட்டில் பெரிய குறை இல்லை. ஹைட்ராக்சிகுளோரோகுயின் 200 மி.கி. உங்கள் 52 கிலோ எடைக்குச் சரியான வரம்புக்குள்தான் இருக்கிறது. லூபஸுக்கு அதுதான் அடிப்படை மருந்து, முடிந்தவரை யாருக்கும் நிறுத்தக் கூடாதது. எதிர்ப்பு சக்தியை அடக்கும் அசாதயோபிரின், கால்சியம், விட்டமின் டி எல்லாம் இருக்கின்றன. நீங்கள் "அன்பில்லாத டாக்டர், அதனால் மோசமான வைத்தியம்" என்று எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள். அப்படி அல்ல. அதே மாதிரி, தோளில் தட்டி "ஒண்ணுமில்லம்மா, சரியாயிடும்" என்று அரை மணி நேரம் பேசிவிட்டு எல்லாருக்கும் ஒரே ஸ்டீராய்டு ஊசியைப் போட்டு அனுப்புகிறவர்களும் ஊரில் உண்டு, அவர்களிடம்தான் கூட்டம் அதிகம். நீங்கள் டாக்டரை மாற்ற நியாயமான காரணம் அந்தச் சிறுநீர்ச் சோதனை இல்லாததும், பிரட்னிசோலோன் என்ற அந்த ஸ்டீராய்டை 10 மி.கி.யிலிருந்து ஒரு வருடத்துக்கு மேல் குறைக்காமல், ஏன் குறைக்கவில்லை என்றும் சொல்லாமல் விட்டதும்தான். நீண்ட நாளைக்கு என்றால் ஸ்டீராய்டை 5 மி.கி. அல்லது அதற்கும் கீழே கொண்டுவர வேண்டும், முடிந்தால் நிறுத்த வேண்டும் என்பதே இன்றைய வழிகாட்டுதல். சிலருக்கு அது முடியாமல் போகும், அதற்குக் காரணம் இருக்கும். அந்தக் காரணத்தைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

அந்தப் பத்து நாள் விஷயம்

சகோதரி, இது பெரிய ஆபத்து. பல மாதம் வெளியிலிருந்து ஸ்டீராய்டு கொடுத்துக்கொண்டிருந்தால் உடம்பு தன் பங்குக்குச் சுரப்பதைக் குறைத்துக்கொள்ளும். திடீரென்று மாத்திரையை நிறுத்தினால் சுரப்பி உடனே விழித்துக்கொள்ளாது. வாந்தி, தலைச்சுற்றல், ரத்த அழுத்தம் இறங்கி மயக்கம் என்று போய், அந்த நேரத்தில் ஒரு காய்ச்சலும் சேர்ந்துகொண்டால் உயிருக்கே ஆபத்தாகலாம். உங்களுக்கு அப்படி ஆகாமல் தப்பித்தது நல்லது. முகம் உப்புவது மருந்தின் அளவைப் பொறுத்தது, அளவு இறங்க இறங்க அதுவும் இறங்கும், ஆனால் இறக்குவது படிப்படியாக, டாக்டர் சொல்லித்தான். இப்போது பழைய அளவை ஆரம்பித்திருக்கிறீர்கள் அல்லவா, அதிலேயே இருங்கள், கூட்டவும் வேண்டாம் குறைக்கவும் வேண்டாம். இந்த வாரத்துக்குள் ஒரு டாக்டரைப் பார்த்து, நிறுத்திய விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். திட்டுவார் என்றால் திட்டட்டும். அது தெரியாமல் அவர் உங்கள் ரிப்போர்ட்டைப் படித்தால், மருந்து வேலை செய்யவில்லை என்று நினைத்து இன்னும் வீரியமான மருந்துக்குப் போய்விடக்கூடும்.

அந்தப் பொடி: டப்பாவில் பெயர்ச் சீட்டு இல்லை, தயாரித்தவர் பெயர் இல்லை, "மூணே நாள்ல வலி பறந்துபோச்சு" என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்று நாளில் மூட்டு வலி பறக்கிற பொடி என்றாலே எனக்குச் சந்தேகம்தான், ஸ்டீராய்டையோ வலி மாத்திரையையோ இடித்துக் கலந்த பொடிகள் பலமுறை பிடிபட்டிருக்கின்றன. சித்த மருத்துவத்தின் மேல் எனக்கு வெறுப்பு இல்லை. பார்க்க வேண்டுமென்றால் அரசு மருத்துவமனைச் சித்தா பிரிவில் பதிவு பெற்ற மருத்துவர் இருக்கிறார், அவரிடம் போங்கள், இரண்டு பக்கத்துச் சீட்டையும் இரண்டு பேரிடமும் காட்டுங்கள். பெயரில்லாப் பொடி மட்டும் வேண்டவே வேண்டாம். மருந்துக்கடையில் கேட்டு வாங்கிப் போடும் வலி மாத்திரைகளும் அப்படித்தான், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று தெரியாதவரை டைக்ளோபெனாக் மாதிரி எதையும் தொடாதீர்கள்.

ஒரே டாக்டரிடம் எல்லாம் கிடைக்காது

உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்குத் தோன்றியது, நீங்கள் தேடுவது ஒரு ஆளை அல்ல, மூன்று நான்கு பேரை. நோயையும் புரிந்துகொள்ள வேண்டும், காய்ச்சல் வந்தால் ராத்திரி போன் எடுக்க வேண்டும், அழுதால் கேட்க வேண்டும், வீட்டுக்காரரிடமும் மாமியாரிடமும் எடுத்துச் சொல்ல வேண்டும். இத்தனையும் ஒரு ஸ்பெஷலிஸ்டின் ஓ.பி.யில் கிடைக்காது. சென்னையில் கிடைக்கும் என்று நினைத்தால், அங்கே டோக்கன் வரிசை இன்னும் நீளம்.

நான் சொல்வது இப்படி. லூபஸ் தெரிந்த ஒரு ஸ்பெஷலிஸ்ட், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போதும், அவர் வேலை நோயைக் கட்டுக்குள் வைப்பது. அவர் இனிமையாகப் பேச வேண்டும் என்பதைவிட, சிறுநீர் பார்க்கிறாரா, ஒவ்வொரு தடவையும் ஸ்டீராய்டு அளவைப் பற்றி யோசிக்கிறாரா, கண் சோதனைக்கு அனுப்புகிறாரா, கேள்விக்கு ஒரு வரியாவது பதில் சொல்கிறாரா என்று பாருங்கள். ஹைட்ராக்சிகுளோரோகுயின் சாப்பிடுகிறவர்கள் ஆரம்பித்த முதல் வருடத்துக்குள் ஒரு தடவையும், ஐந்து வருடம் தாண்டினால் வருடம் ஒரு தடவையும் விழித்திரையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். உங்கள் நகல்களில் அதுவும் இல்லை. கண்ணாடிக் கடையில் பவர் பார்ப்பதை நான் சொல்லவில்லை, கண் மருத்துவரிடம்.

அப்புறம், உங்கள் ஊரிலேயே ஒரு பொது மருத்துவர். இவர்தான் உங்களுக்கு ரொம்ப முக்கியம், ஆனால் கடிதத்தில் அவரைப் பற்றி ஒரே வரிதான், "காய்ச்சலுக்கு ஊசி போடுவார்" என்று. அவரிடம் ஒரு நாள் காய்ச்சல் இல்லாதபோது பைலோடு போங்கள். பைலைத் திறந்து பார்க்கிறாரா, எதிர்ப்பு சக்தியைக் குறைக்கிற மருந்து நீங்கள் சாப்பிடுவதைக் கவனித்துக் குறித்துக்கொள்கிறாரா, "தெரியலைம்மா, உங்க டாக்டர்கிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்" என்று சொல்லத் தயங்காதவரா என்று பாருங்கள். அப்படி ஒருவர் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். உங்களுக்கு 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல் வந்தால் அன்றைக்கே அவர் பார்க்க வேண்டும், கஷாயம் குடித்துப் பார்க்கலாம் என்று இரண்டு நாள் போகக் கூடாது. மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, வலிப்பு, குழப்பமாகப் பேசுவது என்றால் அவரிடமும் போக வேண்டாம், நேரே 108.

சென்னைக்குப் போக வேண்டுமா என்று கேட்டீர்கள். மாதாமாதம் போகத் தேவையில்லை. சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, வேலூர் சிஎம்சி, புதுச்சேரி ஜிப்மர் மூன்றிலும் இந்த நோய்களுக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. சிறுநீரில் புரதம் அதிகமாக வந்து, சிறுநீரகத்தில் ஊசியால் சதை எடுத்துப் பார்க்கும் பயாப்சி தேவைப்பட்டாலோ, இரண்டாவது கருத்து வேண்டுமென்றாலோ ஒரு தடவை போய் வாருங்கள். அதன்பிறகு சோதனைகளை ஊரில் எடுத்துக்கொண்டு வீடியோவில் ஆலோசனை கேட்கலாம், 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதல்களின்படி அது முறையானதுதான்.

கோபித்துக்கொள்வாரே என்ற பயம்

கோபித்துக்கொண்டால் என்ன? இரண்டாவது கருத்து கேட்பது நோயாளியின் உரிமை, தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்த நோயாளர் உரிமைச் சாசனத்தில் அது தெளிவாகவே இருக்கிறது. ஆண் டாக்டர் உடம்பைத் தொட்டுப் பரிசோதிக்கும்போது இன்னொரு பெண் கூட இருக்க வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது, இதையும் நீங்கள் ஒரு வரியில் கேட்டிருந்தீர்கள். உங்கள் மருத்துவப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று 2002ஆம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் நெறிமுறை விதிகள் சொல்கின்றன. எழுதிக் கொடுத்துக் கேளுங்கள், வாங்கிக்கொண்டதற்கு உங்கள் நகலில் கையெழுத்தோ சீலோ போடச் சொல்லுங்கள். சண்டை போட்டு வெளியே வர வேண்டியதில்லை, "வேற ஊருக்குப் போக வேண்டியிருக்கு, ஒரு சம்மரி வேணும்" என்றால் பெரும்பாலும் வரவேற்பில் இருக்கும் பெண்ணே வாங்கித் தந்துவிடுவார். டாக்டர்களுக்கு நோயாளிகள் போவதும் வருவதும் தினசரி சமாசாரம், நீங்கள் நினைக்கிற அளவுக்கு அவர் உங்களை நினைத்துக்கொண்டிருக்க மாட்டார்.

ஆனாலும் விடுவதற்கு முன் ஒரு தடவை வேறு மாதிரி போய்ப் பாருங்கள் என்பது என் யோசனை, ஏனென்றால் நம் தென் மாவட்டங்களில் ருமட்டாலஜிஸ்டுகள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருக்கிறார்கள். நீங்கள் உள்ளே போய் என்ன சொல்கிறீர்கள் என்று எழுதியிருந்தீர்கள்: "உடம்பு பூரா வலி சார், ஒரே அசதி, ஒண்ணும் முடியல." இதை அவர் அன்றைக்கு நாற்பது பேரிடம் கேட்டிருப்பார். இதே விஷயத்தை ஒரு வெள்ளைத் தாளில் எழுதி மேசையில் வையுங்கள்: காலையில் விரல் மடக்க ஒரு மணி நேரம் ஆகிறது, போன மாதம் நான்கு நாள் லீவு, வாய்ப்புண் இரண்டு தடவை, காய்ச்சல் இல்லை, ஸ்டீராய்டு பத்து நாள் நிறுத்தினேன், இன்ன தேதி முதல் மறுபடி சாப்பிடுகிறேன். கீழே இரண்டே கேள்வி. ஒன்று, சிறுநீர்ச் சோதனை எடுத்தேன், இது சரியாக இருக்கிறதா. இரண்டு, ஸ்டீராய்டை எப்போது குறைக்கலாம். அந்தத் தாளைப் படித்தபிறகும் "நீங்க டாக்டரா" என்றால், சரி, கிளம்பிவிடுங்கள்.

அசதியைப் பற்றி அவர் சொன்னதில் ஒரு திருத்தம். லூபஸ் அசதி நிஜம், ரிப்போர்ட் எல்லாம் நன்றாக இருக்கும்போதுகூட வரும், "பார்க்க நல்லாத்தானே இருக்கே" என்று மாமியார் சொல்வதால் அது பொய்யாகிவிடாது. அதற்காக எல்லா அசதியும் லூபஸ் என்றும் முடிவு கட்டாதீர்கள். ரத்தசோகை, தைராய்டு, தூக்கமின்மை, மனச்சோர்வு எல்லாமே சேர்ந்துகொள்ளும். உங்கள் ஹீமோகுளோபின் 9.2, அதுவே ஒரு காரணம், அதைப் பற்றி யாரும் பேசியதாகத் தெரியவில்லை. "ராத்திரி ரெண்டு மணிக்கு விழிப்பு வந்து அழுதுகொண்டிருக்கிறேன்" என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்கு மனநல மருத்துவரைப் பார்ப்பதால் உங்கள் மூட்டு வலி கற்பனை என்று ஒப்புக்கொண்டதாக ஆகாது. 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் என்ற அரசு மனநல ஆலோசனைச் சேவை இருக்கிறது, தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை.

வேலை, காசு

சம்பளச் சீட்டில் இஎஸ்ஐ (தொழிலாளர் அரசு காப்பீடு) பிடித்தம் தெரிகிறது, நீங்கள் அதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு இது பொருந்தும். இஎஸ்ஐ மருந்தகத்தில் பதிந்துகொண்டால் பரிந்துரையின் பேரில் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவார்கள், மருந்தும் கிடைக்கும். தகுதியான நாட்களுக்குச் சந்தா கட்டியிருந்து, டாக்டர் ஓய்வு எழுதித் தந்தால் வருடத்தில் 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் வரும். கையிலிருந்து மாதம் மூவாயிரம் போகிறது என்று புலம்பியிருக்கிறீர்கள், முதலில் இந்தக் கதவைத் தட்டுங்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் ஆண்டு வருமானம் 1,20,000க்குள் உள்ள குடும்பங்களுக்குத்தான், அதுவும் பெரும்பாலும் மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கு, தினசரி மாத்திரைக்கு அல்ல.

முதலாளியிடம் நோயின் பெயரைச் சொல்லியே ஆக வேண்டும் என்றில்லை. மூட்டு நோய்க்கு நீண்ட நாள் சிகிச்சையில் இருக்கிறேன், மூன்று மாதத்துக்கு ஒரு நாள் லீவு வேண்டும், உச்சி வெயிலில் வங்கிக்கு அனுப்ப வேண்டாம் என்று கேட்டால் போதும். வெயில் உங்கள் நோயைக் கிளப்பிவிடும் என்பது உண்மை, குடையும் முழுக்கைச் சட்டையும் அலட்டல் இல்லை. தனியாக மருத்துவக் காப்பீடு எடுப்பதானால் மட்டும் எதையும் மறைக்காதீர்கள். ஏற்கனவே இருக்கும் நோய்க்குக் காத்திருப்புக் காலம் அதிகபட்சம் மூன்று வருடம் என்று 2024இல் குறைத்துவிட்டார்கள், காத்திருக்கலாம். மறைத்துவிட்டு அவசரத்தில் கிளெய்ம் நிராகரிக்கப்பட்டால் கட்டிய பணமும் போச்சு.

குழந்தை

முடியாது என்று யார் சொன்னது? லூபஸ் உள்ள பெண்கள் நல்லபடியாகக் குழந்தை பெற்றுக்கொள்கிறார்கள், ஆனால் நேரம் பார்த்துப் பெற வேண்டும். நோய் குறைந்தது ஆறு மாதம் அடங்கியிருக்க வேண்டும், சிறுநீரகம் நன்றாக இருக்க வேண்டும் (மறுபடியும் அந்தச் சோதனைதான்). உங்கள் சீட்டில் உள்ள ஹைட்ராக்சிகுளோரோகுயினைக் கர்ப்பத்திலும் தொடரலாம், தொடரத்தான் வேண்டும், அசாதயோபிரினும் தொடரக்கூடியதே. நாளைக்கு உங்களுக்கு எதிர்ப்பு சக்தியை அடக்கும் இன்னொரு மருந்தான மைகோபினோலேட்டை மாற்றி எழுதினால் அது கருவுக்கு ஆகாது, குறைந்தது ஆறு வாரம் முன்பே நிறுத்தி வேறு மருந்துக்கு மாற வேண்டும், ஆகவே குழந்தை ஆசையை டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். கர்ப்பத்துக்கு முன் ஆன்டி ரோ, ஆன்டிபாஸ்போலிபிட் என்ற இரண்டு வகை எதிர்ப்பொருள் சோதனைகளும் எடுக்க வேண்டும். முதலாவது இருந்தால் குழந்தையின் இதயத் துடிப்பைக் கர்ப்பத்திலேயே கவனிப்பார்கள், இரண்டாவது இருந்தால் ரத்தம் உறையாமல் இருக்க மருந்து தருவார்கள். அதுவரை கருத்தடை அவசியம், ஆனால் ஈஸ்ட்ரோஜன் உள்ள மாத்திரையை நீங்களாகக் கடையில் வாங்கிப் போட வேண்டாம்.

இதையெல்லாம் உங்கள் வீட்டுக்காரரிடம் நீங்கள் சொல்லி அவர் நம்புவதைவிட, டாக்டர் வாயால் கேட்பது நல்லது. அடுத்த தடவை மாமியாரைத் துணைக்கு அழைக்காமல் அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், அந்தத் தாளில் மூன்றாவது கேள்வியாகக் குழந்தையையும் எழுதி அதை அவரையே கேட்கச் சொல்லுங்கள். சிறுநீர் ரிப்போர்ட்டில் புரதமோ ரத்தமோ இருப்பதாக வந்தால் அந்த நாள் வரை காத்திருக்காமல், மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையின் சிறுநீரகப் பிரிவுக்கு முழுப் பைலோடு உடனே போய்விடுங்கள்.